அப்பாவின் ஒரு சம்பளமும் உங்கள் இரண்டு சம்பளமும்

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். அப்பா துறைமுகத்தில் கிளார்க். ஒரே சம்பளத்தில் மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்து, கொட்டாஞ்சேனையில் ஆறு பேர்ச்சஸ் காணி வாங்கி வீடும் கட்டினார். இன்று நீங்களும் மனைவியும் வேலைக்குப் போகிறீர்கள், ஆனால் இருபதாம் திகதிக்குப் பிறகு கடைக்கொப்பியில் கடன் எழுதித்தான் சாமான். உண்மையிலேயே கூலி குறைந்துவிட்டதா, அல்லது எங்கள் ஆசைதான் கூடிவிட்டதா? பணக்காரர் இன்னும் பணக்காரர் ஆகிறார்கள் என்கிறார்களே, அது எவ்வளவு உண்மை?

நான் பொருளியல் படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. புறக்கோட்டையில் முப்பது வருடத்துக்கு மேல் சம்பளப் பட்டியல் போட்டவன். மற்றவர்களுடைய சம்பளத்தைப் பார்த்துப் பார்த்தே கண்ணாடி போட்டேன். எனக்குத் தெரிந்த பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பத்து வருடத்தில் கீழ்மட்டக் கூலி கடதாசியில் ஏறியிருக்கிறது, கடையில் ஏறவில்லை. உங்கள் அப்பாவுக்கும் உங்களுக்கும் இடையில் இருக்கிற பெரிய வித்தியாசம் சம்பளத்தில் இல்லை, அந்த ஆறு பேர்ச்சஸில் இருக்கிறது.

முதலில் கூலி. 2016இல் தேசிய ஆகக்குறைந்த சம்பளச் சட்டம் வந்தது. தனியார் துறையில் யாரையும் மாதம் 10,000 ரூபாவுக்குக் குறைவாக வைத்திருக்க முடியாது என்று அது சொன்னது. அதோடு வரவு செலவுத் திட்ட நிவாரணப் படி என்று 3,500 ரூபா தனியாக வந்தது. இரண்டையும் சேர்த்தால் 13,500. பிறகு அடிப்படைச் சம்பளம் 2021இல் 12,500 ஆனது, 2024இல் 17,500 ஆனது. 2025 ஏப்ரலில் அந்தப் படியையும் உள்ளே இழுத்து 27,000 ஆக்கினார்கள். 2026 ஜனவரியிலிருந்து 30,000. பத்து வருடத்தில் இரண்டு மடங்குக்கு மேல்! கேட்க நல்லாயிருக்கிறது.

இப்போது விலைவாசி. இங்கே நாங்கள் பார்ப்பது கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண். 1952ஐ அடியாண்டாக வைத்துத் தொடங்கிய காலத்தில் கொழும்பு நகரத் தொழிலாளர் குடும்பங்களின் செலவை வைத்தே அந்தச் சுட்டெண்ணைக் கட்டினார்கள். அதாவது உங்கள் தாத்தா போன்றவர்களின் சமையலறையை வைத்து. வருடம் வருடமாக டிசெம்பர் மாதப் பணவீக்கத்தை ஒன்றோடொன்று பெருக்கிக்கொண்டு வந்தால், 2015 கடைசிக்கும் 2025 கடைசிக்கும் இடையில் விலைகள் ஏறக்குறைய 2.3 மடங்கு ஆகியிருக்கின்றன. அப்போதைய 13,500 ரூபாவால் வாங்கியதை இன்று வாங்க 31,000 ரூபா வேண்டும். சட்டம் தருவது 30,000. பத்து வருடம் ஓடி, புறப்பட்ட இடத்துக்கு ஒரு முழம் பின்னால் வந்து நிற்கிறோம். நடுவில், 2022க்கும் 2025க்கும் இடையில், எவ்வளவு ஆழத்துக்குப் போய் வந்தோம் என்பது இந்த இரண்டு எண்களில் தெரியாது. அந்த மூன்று வருடத்தில் பிள்ளையின் பால்மா வாங்கியவர்களுக்குத்தான் அது தெரியும்.

தோட்டத் தொழிலாளர் கணக்கும் இதே கதைதான். ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டு அவர்கள் எத்தனை வருடம் அலைந்தார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். 2018 ஒக்டோபரில் கறுப்பு உடுத்துக் காலிமுகத்திடலில் கூடிய இளைஞர்களில் பாதிப்பேர் இங்கே கொழும்புக் கடைகளில் வேலை செய்த மலையகப் பிள்ளைகளாக இருப்பார்கள் என்பது என் எண்ணம். எங்கள் கடையிலிருந்தும் இரண்டு பேர் லீவு கேட்டுப் போனார்கள். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் ஆயிரம் வந்தது. வந்து ஒரு வருடத்தில் ரூபாவே விழுந்தது. 2020 கடைசியிலிருந்து 2024 கடைசி வரை கொழும்பு விலைகள் சுமார் 1.8 மடங்கு ஆயின. ஆகவே 2021இன் ஆயிரம் ரூபா ஆயிரமாகவே இருக்க வேண்டுமென்றால் 1,800 அளவில் கிடைத்திருக்க வேண்டும். 2024இல் கிடைத்தது 1,350. 2026க்கு அரசாங்கம் சொன்னது கம்பனி 1,550, வரவுக்கான கொடுப்பனவாக அரசு 200, மொத்தம் 1,750. போராடி வாங்கிய அந்த ஆயிரத்தை இன்னும் எட்டிப்பிடிக்கவில்லை. அதுவும் முழுப் பேர், அதாவது முழு நாட்கூலி, விழுந்தால்தான். பறித்த கொழுந்தின் கிலோ குறைந்தால் அரைப் பேர். மேலும் நான் வைத்துப் பெருக்கியது கொழும்புச் சுட்டெண். லயத்துக் குடும்பத்தின் செலவில் சாப்பாட்டின் பங்கு இன்னும் பெரிது. 2022 செப்டெம்பரில் பொதுப் பணவீக்கம் 69.8 வீதமாக இருந்தபோது உணவுப் பணவீக்கம் 94.9 வீதம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஏழைக்கும் பணக்காரனுக்கும் பணவீக்கம் ஒன்றல்ல. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீட்டர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. பணக்காரர் குடியிருக்கிற கறுவாத்தோட்டத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு எத்தனை வீட்டில் இருக்கும்? மீனவர் குடியிருக்கிற முகத்துவாரத்தில் எத்தனை வீட்டில் இருந்தது, எத்தனை படகு அதிலே ஓடியது?

சரி, இதெல்லாம் வருமானம். நீங்கள் கேட்ட மற்றக் கேள்வி சொத்தைப் பற்றியது. இந்த இரண்டையும் மக்கள் குழப்பிக்கொள்கிறார்கள். வருமானம் குழாயில் வருகிற தண்ணீர். சொத்து தொட்டியில் கிடக்கிறது. எங்கள் நாட்டில் குழாயே சமமாக வருவதில்லை. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 அளவீட்டின்படி ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா. ஆனால் எல்லாக் குடும்பங்களையும் வருமான வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைக் கேட்டால் 53,333 ரூபா. ஏன் இவ்வளவு வித்தியாசம் என்றால், மேலே இருக்கிற 20 வீதக் குடும்பங்களுக்கு மொத்த வருமானத்தில் 51.3 வீதம் போகிறது, கீழே இருக்கிற 20 வீதத்துக்கு 4.6 வீதம். சம்பளப் பட்டியல் போடுகிறவனுக்கு இது புதிதில்லை. எங்கள் இடத்தில் முதலாளியின் மகன் டிரெக்டராகப் பட்டியலில் ஏறிய மாதம் ‘சராசரிச் சம்பளம்’ திடீரென்று கூடியது. கீழே ஒருவருக்கும் ஒரு சதம் கூடவில்லை. அதனால் யாராவது சராசரி என்று பேசினால் நான் உடனே நடு ஆள் எங்கே நிற்கிறார் என்றுதான் கேட்பேன்.

தொட்டி இன்னும் மோசம். ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் அறிக்கை ஒன்று இலங்கையின் தனியார் சொத்தில் 31 வீதம் மேலேயுள்ள 1 வீதத்தினரிடம் இருப்பதாகவும், கீழ்ப்பாதி மக்களிடம் மொத்தமாக 4 வீதமும் இல்லை என்றும் சொல்லியது. சொத்தை அளப்பது வருமானத்தை அளப்பதைவிடக் கஷ்டம், காணியையும் கம்பனிப் பங்கையும் யாரும் கணக்கெடுப்புக்காரரிடம் கூட்டிச் சொல்வதில்லை. ஆகவே 31ஆ 28ஆ என்று நான் சண்டை பிடிக்கமாட்டேன். கொழும்பில் குடியிருப்பவனுக்கு அந்தத் திசை சரி என்பது கண்ணுக்கே தெரியும்.

இனி 2022இன் பொருளாதார நெருக்கடி இந்தத் தொட்டிகளை என்ன செய்தது என்று பாருங்கள். இதைத்தான் நான் யாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது.

ஒரு சாதாரண வேலைக்காரனின் சொத்து என்ன? பெரும்பாலும் ஓய்வுகாலத்துக்குச் சேர்க்கிற ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதியம்) மட்டும்தான். 1958ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம், மாதா மாதம் மத்திய வங்கிக்குப் போகிறது. (போக வேண்டும். நான் முதன்முதலில் வேலை செய்த இடத்தில் எங்களிடம் கழித்த 8 வீதத்தையே இரண்டு வருடம் கட்டாமல் வைத்திருந்தார்கள். எனக்கு அது தெரிய வந்தது விலகிய பிறகு.) 2021 கடைசியில் உங்கள் கணக்கில் 10 இலட்சம் இருந்தது என்று வையுங்கள். 2022க்கு நிதியம் கொடுத்த வட்டி 9 வீதம். 2023க்கு 13 வீதம். ஆகவே புதுக் காசு எதுவும் போடாவிட்டால் இரண்டு வருடத்தில் அது 12 இலட்சத்து 31,700 ரூபா. கொழும்பு விலைகளோ 2022 டிசெம்பரில் முந்திய வருடத்தைவிட 57.2 வீதமும், 2023 டிசெம்பரில் அதற்கு மேல் 4 வீதமும் கூடியிருந்தன. பழைய 10 இலட்சத்தின் பெறுமதி நிற்க வேண்டுமென்றால் 16 இலட்சத்து 35,000 ரூபா வேண்டும். நான்கில் ஒரு பங்கு போய்விட்டது. யாரும் திருடவில்லை. கணக்குப் புத்தகத்தில் எண் கூடிக்கொண்டே இருந்தது. அதனால்தான் இந்த இழப்புக்காகப் பெரிதாக யாரும் தெருவுக்கு வரவில்லை.

அதே 2022 கடைசியில் கையில் சும்மா காசு வைத்திருந்தவர் அரசாங்கம் குறுகிய காலக் கடனுக்குக் கொடுக்கிற பத்திரமான 91 நாள் திறைசேரி உண்டியல் வாங்கினால் வட்டி 30 வீதத்துக்கு மேல். அதே அரசாங்கம், அதே கடன். வித்தியாசம் என்னவென்றால் அவர் தன் காசை எடுத்து வைக்கலாம், நீங்கள் உங்கள் ஈ.பி.எப்.ஐ நினைத்தபடி தொட முடியாது. அப்புறம் 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது வங்கிகளிடம் இருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசின் நீண்டகாலக் கடன் பத்திரங்களை, விட்டுவிட்டார்கள். திறைசேரி உண்டியல் வைத்திருந்த தனியாரையும் தொடவில்லை. ஈ.பி.எப். போன்ற ஓய்வுகால நிதியங்களின் முறிகளை மாற்றினார்கள். புது முறிக்கு 2026 வரை 12 வீதம், அதற்குப் பிறகு 9 வீதம். மாற்றச் சம்மதிக்காவிட்டால் நிதியத்தின் வருமானத்துக்கு 14 வீதத்துக்குப் பதிலாக 30 வீத வரி. வங்கிகளைத் தொட்டால் வைப்பு வைத்த சாதாரண சனமும் விழும் என்பது அவர்கள் சொன்ன நியாயம். அதில் உண்மை உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் வரிசையில் யாரைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள் என்பதையும் மறக்கவில்லை.

டொலர் வைத்திருந்தவரின் கதை வேறு. 2022 தொடக்கத்தில் 200 ரூபா சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஆனது. வெள்ளவத்தையில் ஒரே ஒழுங்கையில் இரண்டு வீடு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்கு டொரொண்டோவிலிருந்து அண்ணன் மாதம் முந்நூறு டொலர் அனுப்புகிறார். மற்ற வீட்டில் இரண்டு பேர் உள்ளூர்ச் சம்பளம். 2019இல் இரண்டு வீட்டுக்கும் ஒரே மீன். 2022இல் ஒரு வீட்டில் பாரை, மற்ற வீட்டில் ரின்மீன், சில நாள் அதுவும் இல்லை. பணக்காரர், ஏழை என்று நாங்கள் பேசும்போது கறுவாத்தோட்டத்தையும் கிராண்ட்பாஸையுமே நினைக்கிறோம். எங்கள் ஆட்களுக்குள்ளேயே வெளிநாட்டுக் காசு போட்ட கோடு அதைவிட ஆழமாகிவிட்டது. யார் வீட்டு வாசலில் புதுக் கேற் வருகிறது என்று பாருங்கள்.

தங்கம் வேண்டுமென்றால் அதுவும். 2016இல் ஒரு பவுண் ஐம்பதாயிரம் அளவில். ஆகக்குறைந்த சம்பளக்காரருக்கு நாலு மாதத்துக்குள் அடங்கிய காசு. 2025 ஒக்டோபரில் 24 கரட் பவுண் நாலு இலட்சத்தைத் தாண்டியது, ஒரு வருடச் சம்பளம் போதாது. இதில் உலக விலை ஏற்றம் பெரிய பங்கு, எங்கள் நாட்டை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் மகளுக்குத் தாலி செய்கிற தாய்க்கு உலக விலை என்று விளக்கம் சொல்லி என்ன பயன்.

இனி அப்பாவின் காலம். ‘அந்தக் காலம் நல்ல காலம்’ என்பதில் பாதி உண்மை, பாதி மறதி.

உண்மையான பாதி இது. மத்திய வங்கி 1953இலிருந்து நுகர்வோர் நிதி அளவீடு எடுத்தது. அதில் வருமானம் பெறுவோருக்கிடையிலான கினிக் குணகம் 1953இல் 0.50, 1963இல் 0.49, 1973இல் 0.41. எல்லோருக்கும் ஒரே வருமானம் என்றால் அது பூச்சியம், ஒருவரே எல்லாவற்றையும் வைத்திருந்தால் ஒன்று. ஆக 1963க்கும் 1973க்கும் இடையில் இடைவெளி நன்றாகக் குறைந்தது. 1978/79இல் மறுபடி 0.49, 1981/82இல் 0.52. நடுவில் வந்தது 1977இன் திறந்த பொருளாதாரம். பிந்திய அளவீடுகள் குடும்பத்தை வைத்து எடுக்கப்பட்டவை என்பதால் நேருக்கு நேர் ஒப்பிடக்கூடாது. ஆனாலும் 2019இல் 0.46 என்பது நாங்கள் 1973இன் நிலைக்குத் திரும்பவே இல்லை என்பதைக் காட்டுகிறது.

அப்பாவின் சம்பளச் சிட்டையில் வராத சம்பளமும் இருந்தது. அரசாங்கம் மலிவாகக் கொடுத்த கூப்பன் அரிசி. 1953இல் ஒரு கொத்து அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற்றப் போய் ஹர்த்தால் வெடித்து, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அதற்குப் பிறகு கால் நூற்றாண்டுக்கு யாருக்கும் அந்த அரிசியில் முழுதாகக் கை வைக்கத் துணிவு வரவில்லை. 1979இல்தான் உணவு முத்திரையாக்கி ஒதுக்கினார்கள். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இலவசம் என்பதோடு அவை போதுமானவையாகவும் இருந்தன. 1972இன் வாடகைச் சட்டம் வாடகையைப் பிடித்து வைத்தது. கொட்டாஞ்சேனையிலும் கொச்சிக்கடையிலும் பழைய வாடகைக்குத் தலைமுறையாக இருந்த குடும்பங்கள் எனக்கே தெரியும். 1973இன் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டத்தில் வாடகைக்கு இருந்த பலர் வீட்டுக்காரர் ஆனார்கள். அதாவது அப்பாவின் சம்பளம் பெரிதாக இல்லை. அதிலிருந்து போக வேண்டிய காசுதான் சிறிதாக இருந்தது.

மறந்த பாதி இது. அதே எழுபதுகளில் பாணுக்கு விடியற்காலையில் வரிசை. துணிக்குக் கூப்பன். கொழும்புக்கு அரிசி கொண்டுவந்தால் வழியில் மறிப்பார்கள். கினிக் குணகம் அழகாக இறங்கிய அந்தக் காலத்தில்தான், 1974இல், தோட்டங்களில் சாவு வீதம் பாய்ந்து ஏறியது. பட்டினி. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட சனம், காணிச் சீர்திருத்தத்திலும் அவர்களுக்குக் காணி இல்லை. தோட்டத்தில் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்ததே 1984இல். ஆகவே ‘அந்தக் காலம் நல்லது’ என்று யாராவது சொன்னால், எந்த ஊரில் இருந்து, யாராக இருந்து பார்த்தார் என்று கேளுங்கள். கொட்டாஞ்சேனைக் கிளார்க்குக்கு நல்லது. பொகவந்தலாவைக் கொழுந்துக்காரிக்கு இல்லை.

ஆசை கூடிவிட்டதா என்பதற்குச் சுருக்கமான பதில்: கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆனால் உங்கள் காசு அங்கே போகவில்லை. உங்கள் மாதச் செலவை எழுதிப் பாருங்கள். டியூஷன், காசு கட்டிச் சனல் பண்ணுகிற தனியார் டொக்டர், வாடகை. மூன்றும் அப்பாவின் பட்டியலில் இல்லாதவை. போனுக்குப் போடுகிற டேட்டா கடைசியில்தான் நிற்கும். அம்மா அப்போது வீட்டில் சம்பளமில்லாமல் செய்த வேலைக்கு இன்று உங்கள் மனைவி வேலைக்குப் போய்க் காசு கொடுத்து ஆள் வைக்கிறார், அதையும் சேர்த்து எழுதுங்கள்.

வரியைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தொட்டியைத் தொடாமல் குழாயில் மட்டும் கை வைக்கிற பழக்கம் எங்கள் நாட்டுக்கு உண்டு. மாதம் 150,000 ரூபாவுக்குக் குறைந்த சம்பளத்துக்கு இன்று வருமான வரி இல்லை, சரி. ஆனால் 30,000 வாங்குகிறவரும் சவர்க்காரம் வாங்கும்போது 18 வீதம் வற் (பெறுமதி சேர் வரி) கட்டுகிறார், அதை 150 இலட்சம் வாங்குகிறவரும் அதே வீதத்தில் கட்டுகிறார். 2019 கடைசியில் 8 வீதத்துக்கு இறக்கிய வரி அது. ஒரு காலத்தில் இங்கே சொத்து வரி இருந்தது. நிக்கலஸ் கால்டோர் என்ற கேம்பிரிட்ஜ் பொருளியலாளரின் யோசனையைக் கேட்டு 1959இல் கொண்டுவந்தார்கள், பிறகு ஒழித்துவிட்டார்கள். காணி விற்று வருகிற இலாபத்துக்கு நீண்ட காலம் வரியே இருக்கவில்லை. 2018இல்தான் மீண்டும் 10 வீதம் போட்டார்கள். உழைத்து வருகிற காசுக்கு 36 வீதம் வரை வரி வைத்திருக்கிற நாடு, சும்மா கிடந்து ஏறிய காணிக்கு அவ்வளவு இரக்கம் காட்டுவது எனக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்குகிறது, சொல்லத்தான் விருப்பமில்லை.

அதனால் தம்பி, அப்பாவின் பழைய சம்பளச் சிட்டையைத் தேட வேண்டாம். அலுமாரியில் காணி உறுதியைத் தேடுங்கள். அதில் இருக்கிற விலையை அந்த வருடம் அவர் வாங்கிய மாதச் சம்பளத்தால் வகுங்கள், எத்தனை மாதம் என்று வரும். பிறகு அதே ஒழுங்கையில் இன்று பேர்ச்சஸ் என்ன விலை என்று புரோக்கரிடம் கேட்டு, ஆறால் பெருக்கி, உங்கள் இருவரின் சம்பளத்தையும் கூட்டி அதால் வகுங்கள். ஒரு விஷயம் மட்டும் கவனம். உறுதியில் எழுதியிருப்பது உண்மையில் கொடுத்த விலைதானா என்று அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முத்திரைச் செலவுக்குப் பயந்து குறைத்து எழுதுவது அந்தக் காலத்திலும் இருந்தது.